கழுத்து எந்த மண்டலத்தைச் சேர்ந்தது

1

இது கதையாகவே வந்திருக்கக் கூடாது. எட்டுப் பக்கக் கையேடாக வந்து, யாரும் படிக்காமல், பெற்றோர்களின் கைப்பையில் நான்காக மடிந்து கிடந்திருக்க வேண்டியது.

ஒரு மருத்துவக் கல்லூரியில் என்னைக் கூப்பிட்டு, புதிதாகச் சேரும் மாணவர்களின் வீட்டாருக்குக் கொடுக்க ஒரு கையேடு எழுதித் தரச் சொன்னார்கள். தலைப்பைக்கூட அவர்களே முடிவு செய்திருந்தார்கள்: ‘பாடவாரி முறையிலிருந்து மண்டலவாரி முறைக்கு: உங்கள் பிள்ளை இனி எப்படிப் படிப்பார்?’ அதற்கு முன் நான் எழுதியது ஒரு சலவை இயந்திரத்தின் கையேடு. அதைக் கல்லூரி முதல்வர் தன் வீட்டில் படித்திருக்கிறார். படித்துப் புரிந்த ஒரே கையேடு அதுதானாம். அந்தத் தெளிவு வேண்டும் என்றார்.

எனக்குப் புரிந்த அளவில் விஷயம் இதுதான். பாடவாரி முறை பழையது. உடம்பில் எது எங்கே இருக்கிறது என்பதைத் தலை முதல் கால் வரை ஒரு துறை சொல்லித்தரும், அது உடற்கூறியல். அதெல்லாம் எப்படி வேலை செய்கிறது என்பதை இன்னொரு துறை சொல்லித்தரும், அது உடலியங்கியல். நோய் தனி, மருந்து தனி. மண்டலவாரி முறையில் இதயம் என்றால் ஆறு வாரமும் இதயம்தான். அதன் அமைப்பு, துடிக்கும் விதம், வரும் நோய், கொடுக்கும் மருந்து எல்லாம் சேர்த்து ஒரே மூச்சில். அது முடிந்ததும் நுரையீரல். அப்புறம் சிறுநீரகம்.

இதைச் சமையலறையை வைத்து விளக்கியிருந்தேன். கரண்டிகளையெல்லாம் ஒரு இழுப்பறையிலும் டப்பாக்களையெல்லாம் ஓர் அலமாரியிலும் வைத்தால் பாடவாரி. காபி போடத் தேவையான அத்தனையையும் ஒரே மூலையில் வைத்தால் மண்டலவாரி. எனக்கு ரொம்பப் பிடித்துப்போன உவமை. சரிபார்ப்பதற்காக உடற்கூறியல் துறைத் தலைவியிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டுக் குறுக்கே ஒரு கோடு போட்டார். “உடம்புல இழுப்பறை கிடையாது” என்றார்.

(அந்தக் கோட்டில்தான் இந்தக் கதை பிறந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் அப்போது எனக்கு வந்தது கோபம் மட்டும்தான். கதை அதற்குப் பிறகு, அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, சாயங்காலம் வரை பேசியபோது வந்தது.)

2

முதல் தொடக்கம்: ‘உடற்கூறியல் பேராசிரியைக்குத் தன் கணவருடைய கழுத்தை இருபத்தாறு வருடங்களாகத் தெரியும்.’

விட்டுவிட்டேன். முதல் வரியிலேயே மனைவியும் கணவரின் கழுத்தும் வந்தால் நீங்கள் கொலைக்கதை என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். அப்புறம் உங்களைக் கிளப்புவது கஷ்டம்.

இரண்டாம் தொடக்கம்: ‘மங்கிய வெளிச்சத்தில், நெஞ்சை அடைக்கும் நெடியில், வெள்ளைத் துணி போர்த்திய உடல்கள் வரிசையாக—’

இதற்கு மேல் பேனா போகவில்லை. மாணவர்கள் உடல்களை அறுத்துப் பார்த்துப் படிக்கும் அந்தக் கூடத்துக்கு நான் போயிருக்கிறேன். நல்ல வெளிச்சம். பெரிய ஜன்னல்கள். பதினான்கு எஃகு மேசைகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வாளி. நெடி கண்ணைக் கரிக்கும், அது உண்மை. ஆனால் ஒரு மேசையருகே இருவர் வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மர்மத்துக்கு அங்கே இடமே இல்லை.

மூன்றாவது தொடக்கம் சாதாரணமானது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் எலும்பு மேடம். ஒல்லியானவர் என்பதற்காக அல்ல, ஒல்லியும் இல்லை. கையில் ஏதாவது ஒரு எலும்பு இல்லாமல் அவர் வகுப்புக்கு வந்ததை யாரும் பார்த்ததில்லை. அவருடைய கணவர் அதே கல்லூரியில் உடலியங்கியல் துறைத் தலைவர். எதைக் கேட்டாலும் சுண்ணக்கட்டியை எடுத்து இரண்டு கோடு இழுத்து, அதற்குள் ஒரு வளைவு போட்டுக் காட்டுவார். ஆகவே அவர் வரைபடம் சார். மேடத்துக்குத் தரைத்தளம், அவருக்கு முதல் மாடி. ஒரே காரில் வந்து ஒரே காரில் போவார்கள். தினமும் பாட்டும் செய்தியுமாக ரேடியோ ஓடும். துறை விஷயத்தைக் காரில் பேசுவதில்லை என்பது கல்யாணமான புதிதில் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.

பாடத்திட்டத்தை மாற்றுவதற்கு முதல்வர் பதினொரு பேர் கொண்ட குழுவை அமைத்தபோது, வரைபடம் சார் அதற்குத் தலைவரானார். எலும்பு மேடம் உறுப்பினர். மாற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. கூடாது என்பது இவர் கட்சி. வீட்டில் அந்தப் பேச்சு எழவே இல்லை. குழுவில் நன்றாக எழுந்தது.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இதுதான் கையேடு எழுதுகிறவனுக்கு இடைஞ்சல், கதை எழுதுகிறவனுக்கு வசதி. இதயத்தின் வால்வை மாணவன் ஆனியில் பார்க்கிறான், அது எழுப்பும் சத்தத்தைப் பற்றி ஐப்பசியில் படிக்கிறான், அது பழுதானால் என்ன ஆகும் என்பது இரண்டு வருடம் கழித்து வருகிறது, அதற்குள் வால்வு எந்தப் பக்கம் என்பதே மறந்துபோகிறது என்று வரைபடம் சார் சொன்னார். மேடம் அதை மறுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கழுத்தை யார் எடுக்கப்போறீங்க?”

யாருக்கும் விளங்கவில்லை. அவர் விளக்கினார். கழுத்தில் உணவுக்குழாய் இருக்கிறது, அது செரிமான மண்டலம். மூச்சுக்குழாய் சுவாச மண்டலம். ரத்தக்குழாய்கள் இதயத்துக்காரர்களுடையவை. நரம்புகளுக்குத் தனி ஆள். தைராய்டு சுரப்பி நாளமில்லாச் சுரப்பிகளில் சேரும். எல்லோரும் தங்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டால், கத்தி பிடிக்கிற பிள்ளைக்கு அந்த நாலு விரற்கடையில் எதற்குப் பின்னால் எது இருக்கிறது என்று யார் சொல்லித்தருவது என்று கேட்டார்.

சபை அசைந்துகொடுத்தது. மேடம் அப்படித்தான் சொன்னார். நான் இல்லாத இடம். பிறகு வரைபடம் சார் பேசினார். நாற்பது நிமிடம். வழக்கமாக அவர் படபடவென்று பொரிந்து தள்ளுகிறவர். அன்று ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார், தண்ணீர் குடிப்பார், அடுத்த வாக்கியத்தை எங்கேயோ ஆழத்திலிருந்து இறைத்துக்கொண்டு வருவார். குரல் கனத்திருந்தது. எல்லோருக்கும் மின்விசிறி ஓடும்போது இவர் மட்டும் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். அதுவும் ஒரு தோரணையாக இருந்தது. அவ்வளவு நிதானமாக ஒருவர் பேசும்போது எதிர்த்துப் பேச வாய் வரவில்லை என்று நுண்ணுயிரியல் பேராசிரியர் பிற்பாடு சொன்னாராம்.

ஆறுக்கு ஐந்து. மண்டலவாரி ஜெயித்தது.

4

* இங்கே ஓர் அடிக்குறிப்பு, அடியில் போடாமல் நடுவிலேயே போடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கமாட்டீர்கள். கதையில் வரும் நோயை நான் தேர்ந்தெடுக்கவில்லை. எனக்குச் சுதந்திரம் இருந்திருந்தால் சிறுநீரகத்தில் ஏதாவது வைத்திருப்பேன். கழுத்தைப் பற்றி வாதாடிய பெண்ணின் வீட்டில் கழுத்திலேயே கோளாறு வைப்பது மட்டமான கைவேலை. அது நடந்ததற்கு நான் பொறுப்பல்ல.

5

ஜெயித்த பிறகு வீட்டில் அவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அப்படித்தான் மேடம் எடுத்துக்கொண்டார். ஏதாவது கேட்டால் பதில் வர நேரமாயிற்று. வந்தாலும் ஒரு சொல். சாப்பிட்டவுடன் நாற்காலியிலேயே தூங்கினார். தொலைக்காட்சியில் என்ன ஓடுகிறதோ அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம் வந்தாலும் விளம்பரத்தைப் பார்த்தார். முன்பெல்லாம் நாளிதழ்க் குறுக்கெழுத்துக்காக இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள். இப்போது கட்டங்கள் காலியாகவே பழைய பேப்பர் அடுக்குக்குப் போயின.

ஜெயித்த திமிர் என்று மேடம் முடிவு கட்டினார். ஒரு நாள் காலை கேட்டும் விட்டார்.

“ஜெயிச்சுட்டீங்க, சரி. அதுக்காக எங்ககிட்டல்லாம் பேசக்கூடாதா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “என்ன கேட்ட?” என்றார்.

அவ்வளவுதான். மேடமும் வாயை மூடிக்கொண்டார். காரில் ரேடியோ மட்டும் பேசியது. இரண்டு மாதம் இப்படி ஓடியது. அவர் பேசாமல் இருந்தது நோய். இவர் பேசாமல் இருந்தது இவர்.

(கடைசி இரண்டு வாக்கியங்களும் மேடம் சொன்னவை. எழுத்தாளர்கள் இப்படிப்பட்ட வாக்கியங்களைத் தாங்களே யோசித்ததாகக் காட்டிக்கொள்வது வழக்கம். நானும் முதல் பிரதியில் அப்படித்தான் செய்திருந்தேன்.)

6

இந்த இரண்டு மாதத்துக்குள் வரைபடம் சார் நான்கு மருத்துவர்களைப் பார்த்திருந்தார். கல்லூரிக்கு எதிரே சாலையைக் கடந்தால் அவர்களுடைய ஆஸ்பத்திரிதான். வகுப்புகளுக்கு இடையில் தனியாகவே போய்வந்தார். வீட்டில் சொன்னது கையைப் பற்றி மட்டும்.

வலது கை விரல்கள் மரத்துப்போயின; சுண்ணக்கட்டி நழுவியது. கை அறுவை மருத்துவர், மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று சரியாகவே கண்டுபிடித்து, அறுவைக்குத் தேதி கொடுத்தார். நாடி மெதுவாக ஓடியது. இதய மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, இதயத்தைச் சுற்றிக் கொஞ்சம் நீர் தெரிகிறது, மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். குரல் கரகரத்தது, தொண்டை மருத்துவர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்து, குரல்நாண் வீங்கியிருக்கிறது, வகுப்பில் கத்தாதீர்கள் என்றார். எதிலும் மனம் ஒட்டவில்லை. மனநல மருத்துவர் அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டு, வேலைப் பளுவால் வந்த சோர்வு என்று சொல்லி, தூங்குவதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார்.

நான்கு பேரும் நல்ல மருத்துவர்கள். அவர்களை வில்லன்களாக்க நான் முயன்றேன், முடியவில்லை. ஒவ்வொருவரும் தன் இடத்தில் கண்டது உண்மை. நான்கு நிறத்தில் நான்கு கோப்புகள், நான்கிலும் ஒரே ஆள்.

அந்த ஆளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தால் உடம்பில் என்னென்ன மந்தமாகும் என்பதை வருடத்துக்கு ஒரு முறை, முப்பது வருடமாக, பலகையில் வரைந்து காட்டியவர் அவர். குளிர் தாங்காது, நாடி இறங்கும், குரல் கனக்கும், பேச்சும் எண்ணமும் இழுபடும், மணிக்கட்டில் நரம்பு நசுங்கும். அந்த வரைபடத்துக்குக் கைதட்டல்கூட உண்டாம். இரண்டு மாதமாக அதே வரைபடத்துக்குள் அவர் குடியிருந்தார், அவருக்கே தெரியவில்லை. தெரியாமல் போவதும் அந்த நோயின் ஒரு வேலை.

சரி, மேடம்? எத்தனையோ கழுத்துகளைத் திறந்து அந்தச் சுரப்பியைத் தூக்கிக் காட்டியவர். பக்கத்தில் படுத்திருந்த கழுத்து வெளியிலிருந்து பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. வீக்கம் ஒன்றும் இல்லை.

7

இப்போது நாத்தனார் வருகிறார். எச்சரிக்கையாக இருங்கள், நானும் இருக்கிறேன். நாத்தனார் என்று எழுதியவுடனேயே உங்கள் மனதில் ஒரு முகம் வந்து இடுப்பில் கை வைத்து நின்றிருக்கும்.

இவர் வரைபடம் சாரின் அக்கா. வேறு ஊரில் இருக்கிறார். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஹலோ என்ற ஒரு சொல்லில் ஆளைச் சொல்லிவிடுவார். அவருக்கும் தைராய்டு குறை உண்டு; பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு பேசிவிட்டு, ஃபோனை மேடத்திடம் கொடுக்கச் சொன்னார்.

“ஏம்மா, அவன் குரலுக்கு என்ன ஆச்சு? எனக்கு அந்த வியாதி வந்தப்ப இருந்த குரல் மாதிரியே இருக்கு. கழுத்து ரத்தம் பாக்கச் சொல்லு.”

“கழுத்து ரத்தம்னு ஒண்ணு கிடையாது அண்ணி.”

“அதான், அந்த தைராய்டு. பாத்துடு.”

பார்க்கிறேன் என்று மேடம் சொன்னார். பார்க்கவில்லை.

ஏன் என்று நான் கேட்டேன். அவர் காரணங்களைச் சொன்னார், எல்லாமே நியாயமான காரணங்கள். அதே பேச்சில் நாத்தனார், தம்பியின் சோர்வுக்குப் புது மெத்தையும் குளிர்ந்த தண்ணீரும்கூடக் காரணம் என்று சொல்லியிருந்தார். போன வருடம் மேடத்துக்கு வந்த வாயுவைச் சிறுநீரகக் கல் என்று அடித்துச் சொன்னவர் அவர்தான். அது தேர்வு வாரம். வாய்மொழித் தேர்வுக்கு இருநூறு பேர். இதையெல்லாம் மேடம் விரல்விட்டு எண்ணி முடித்தார். “அவர்கிட்ட நான் பேசிட்டு இல்லியே” என்றார். “ரத்தம் குடுங்கன்னு சொல்லணும்னா வாயைத் திறக்கணுமே. அவர் முதல்ல திறக்கட்டும்னு இருந்தேன்.”

இப்படி இரண்டு வாரம் போயிற்று.

8

ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் எழுந்திருக்கவில்லை. மேடம் காபியை மேசையில் வைத்துவிட்டு, ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். அதுதான் அந்த நாட்களில் அவர்களுக்குள் இருந்த எழுப்பும் முறை. ஏழேகாலுக்கு உள்ளே போய்த் தோளைத் தொட்டார். தோள் குளிர்ந்திருந்தது. அவருக்குப் பழக்கமான குளிர் அது. ஆனால் அந்தக் குளிரைத் தொட்டு அவர் கை பின்வாங்கியது அதுதான் முதல் முறை.

கழுத்தில் விரல் வைத்தார். எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாடி இருந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண் பாதி திறந்து மூடிக்கொண்டது.

அவசரப் பிரிவில் பணியிலிருந்த மருத்துவர் நான்கு கோப்புகளையும் வரவழைத்து, கட்டில் விளிம்பில் பரப்பிவைத்துப் புரட்டினார். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா மேடம் என்று கேட்டார். மேடம், “தைராய்டு பாருங்க” என்றார்.

பார்த்தார்கள். சுரப்பு கிட்டத்தட்ட இல்லை. மந்தமான உடம்பின் மேல் தூக்க மாத்திரையும் சேர்ந்து ஆளை அமுக்கியிருந்தது. இன்னும் அரைநாள் தாமதித்திருந்தால் என்று அந்த மருத்துவர் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். நானும் அந்த வாக்கியத்தை அங்கேயே விடுகிறேன். மருந்தை ஊசியில் கொடுத்தார்கள், போர்வை போர்த்தி மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள். மூன்றாம் நாள் அவர் கண்ணைத் திறந்து, இந்த வார இதயத் தேர்வை யார் நடத்தினார்கள் என்று கேட்டார்.

மேடம்தான் கண்டுபிடித்தார் என்ற செய்தி கல்லூரி முழுக்கப் பரவியது. நான்கு நிபுணர்கள் கோட்டைவிட்டதை ஒரே சொல்லில் பிடித்துவிட்டார் என்றார்கள். அவசரப் பிரிவு மருத்துவர் அதை ஒரு கூட்டத்திலேயே சொன்னார். கணவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இல்லேன்னா நான் இல்ல” என்றார். மேடம் தலையாட்டினார்.

9

நாத்தனார் ரயில் ஏறி வந்தார். இங்கேதான் எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? வந்தவர் போனவர் எல்லோரும் தம்பி பெண்டாட்டியைப் புகழ்கிறார்கள். அந்தப் புகழ் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். ஃபோனில் சொன்ன தேதிகூடத் தெரியும். ஒரு வார்த்தை போதும். நான் எழுதிய முதல் பிரதியில் அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லிவிட்டார். பழம் நறுக்கிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, எல்லோர் முன்னாலும். காட்சி அருமையாக வந்தது. மேடம் படித்துவிட்டு, “அண்ணி அப்படிச் செய்யல” என்றார்.

அவர் என்ன செய்தார் என்றால், படுக்கையருகே உட்கார்ந்து, பார்க்க வந்தவர்களிடம், “நல்ல வேளை, இவ கண்டுபிடிச்சா” என்றார். ஒரு முறை அல்ல, மூன்று நாளும். கிளம்பும்போது தாழ்வாரத்தில் மேடத்தைத் தனியாக நிறுத்தினார்.

“அவன்கிட்ட நான் சொல்லமாட்டேன். சொல்றதும் சொல்லாததும் உன் பாடு.”

இவ்வளவு பெருந்தன்மை நம்பும்படி இல்லை என்று நான் சொன்னேன். மேடம் என்னை ஒரு மாணவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். அது பெருந்தன்மை என்று யார் சொன்னது என்று கேட்டார். திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் ஃபோன் மணி அடிக்கும்போது, அவர் எடுப்பதற்குள் நான் ஓடிப்போய் எடுக்கிறேன் என்றார்.

10

நோய் தெளிந்ததும் விவாதம் தெளிந்ததா என்று கேட்பீர்கள். கட்டுரையாக இருந்தால் தெளிந்திருக்க வேண்டும்.

மேடம் சொன்னது இது: பார்த்தீர்களா, மண்டலம் மண்டலமாகப் பிரித்ததால்தான் நான்கு பேரும் ஆளைத் தவறவிட்டார்கள். முழு உடம்பைப் படித்திருந்தால் இது நடக்காது.

வரைபடம் சார் சொன்னது இது: பார்த்தாயா, அந்த நான்கு பேரும் பாடவாரி முறையில் படித்தவர்கள். ஒரே வாரத்தில் தைராய்டையும் அதனால் கையிலும் இதயத்திலும் குரலிலும் மனதிலும் வருவதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் முதல் வருடப் பிள்ளை கண்டுபிடித்திருக்கும்.

ஒரே உடம்பு, ஒரே நோய், இரண்டு தீர்ப்பு. கண்டுபிடித்தவர் எந்த முறையிலும் படிக்காதவர் என்பதை ஒருவர் சொல்லவில்லை. இன்னொருவருக்குத் தெரியாது.

மருந்து ஏறியதும் வரைபடம் சாரின் பழைய வேகம் திரும்பிவிட்டது. குழுவின் அடுத்த கூட்டத்தில் படபடவென்று பேசினார், குறுக்கே பேசியவர்களை மறித்தார், கால் மணி நேரத்தில் தன் பக்கம் ஓட்டுப் போட்ட ஐந்து பேரையும் எரிச்சலூட்டினார். அவர் நிதானமாகப் பேசிய காலத்தில் ஓட்டுப் போட்ட நுண்ணுயிரியல்காரருக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி ஓட்டெடுப்பு வேண்டும் என்றார். மேலிடத்துக்குப் போன கோப்பு, இணைப்பில் ஒரு பக்கம் இல்லை என்று திரும்பி வந்தது. வகுப்புகள் தொடங்கும் நாள் வந்துவிட்டதால், பழைய கால அட்டவணைக்கே ‘ஒருங்கிணைந்த மண்டலவாரி அட்டவணை’ என்று தலைப்பு மாற்றி ஒட்டினார்கள். என் கையேடு கிடப்பில் போனது. கழுத்தை எப்போதும் போல மேடமே எடுக்கிறார்.

11

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) ஒரு மாலை, குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது மேடம் சொல்லிவிடுகிறார். அவர் சிரிக்கிறார். ‘அதுக்கென்ன’ என்கிறார். இது எனக்குப் பிடித்திருந்தது, அதனாலேயே சந்தேகம். செத்துப் பிழைத்தவர் அவ்வளவு சுலபமாகச் சிரிப்பாரா? சிரித்தாலும், அந்தச் சிரிப்பை நம்பி மேடத்தால் தூங்க முடியுமா?

(ஆ) சொல்லவே இல்லை. வருடங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு காலையும் வெறும் வயிற்றில் அவர் அந்தச் சின்ன மாத்திரையை விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே— வேண்டாம். கண்ணீர் வரவழைக்கும் வேலை.

(இ) வேறு எதற்கோ நடக்கும் சண்டையில் அவர் வாயிலிருந்தே வருகிறது: ‘தெரியும், அக்கா அன்னிக்கே என்கிட்டயும் சொன்னா. நீ என்ன பண்றேன்னு பாத்துட்டிருந்தேன்.’ இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கப் பெருமையாகத் திரிந்தேன். மறுநாள் படித்தபோது, உயிர் போகிற விஷயத்தில் அப்படி ஒருவர் வேடிக்கை பார்ப்பார் என்றால் அது இந்த மனிதர் இல்லை, வேறு யாரோ என்று பட்டது. அடித்துவிட்டேன்.

12

மூன்றையும் சேர்த்து முழுப் பிரதியையும் மேடத்திடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அழைத்தார்.

முடிவுகளின் மேல் ஒரு குறியும் இல்லை. திருத்தங்கள் வேறு இடங்களில் இருந்தன. சுரப்பியைப் பட்டாம்பூச்சி என்று ஓரிடத்தில் வர்ணித்திருந்தேன், அது போயிருந்தது. நாடி நாற்பது என்று எழுதியிருந்தேன், முப்பத்தெட்டு ஆகியிருந்தது. ஏழாம் பகுதியின் கடைசி வரியில் ‘இரண்டு வாரம்’ என்பதை அடித்து, ஓரத்தில் ‘பதினெட்டு நாள்’ என்று எழுதி, பிறகு அதையும் அடித்து ‘பதினேழு’ என்று எழுதியிருந்தார். தேர்வு வாரத்தின் நாட்காட்டியை வைத்துக்கொண்டு எண்ணினாராம்.

(அந்த வரியை நான் மாற்றவில்லை. ‘இரண்டு வாரம்’ என்று என் கை எவ்வளவு லேசாக எழுதியிருக்கிறது என்பதை நீங்களும் பார்க்க வேண்டும்.)

ஆளை அடையாளம் தெரியாதபடி துறையை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். கண் மருத்துவம், பல் மருத்துவம், ஏதாவது. கணவர் படித்தால் தர்மசங்கடம் இல்லையா என்றேன்.

“மாத்த வேண்டாம்” என்றார். “எங்க வீட்டுக்கு வர்ற பத்திரிகையிலதானே போடறீங்க?”

ஆமாம் என்றேன்.

“அவர் எல்லாத்தையும் படிப்பார். விளம்பரம்கூட விடமாட்டார்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையேடு எழுத வந்த ஆளை உட்காரவைத்து, கதவைச் சாத்தி, ஒரு நாள் மதியம் முழுவதையும் ஏன் எனக்குக் கொடுத்தார் என்பது. நான் கதாசிரியன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தபால்காரன்.

எனக்கு வருத்தமில்லை. கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். மற்ற வாசகர்களே, உங்களுக்கான கதை இவ்வளவுதான். முடிவு வேண்டுமென்றால் மேலே மூன்று இருக்கின்றன. மூன்றும் பிடிக்காவிட்டால் நான்காவதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், நான் வந்து குறுக்கே கோடு போடமாட்டேன்.

சார், நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால்: மேடம் அன்று எனக்கு இன்னொன்றும் சொன்னார். அந்தப் பதினேழு நாளில் ஒரு நாளைப் பற்றி. அதை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் எழுதவில்லை. பக்கத்து அறையில்தான் இருப்பார். போய்க் கேளுங்கள்.